காப்பீட்டு ஆய்வாளர் கணப்பு வைத்த கதை

அர்மாஸ் என்ற பெயருக்கு அன்புக்குரியவன் என்று பொருள். அந்தப் பெயரைச் சூட்டிய தாயைத் தவிர, ஹவுக்கவாரா ஊரில் அவரை அப்படி நினைத்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. மனைவி ஹெல்கா நினைத்திருக்கலாம். ஆனால் அவள் மனதில் உள்ளதை வெளியே சொல்கிற பழக்கம் இல்லாதவள்.

முப்பத்தோரு வருடம் அர்மாஸ் லெஹ்தோலா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்து ஆய்வாளராக இருந்தார். யார் வீடு எரிந்தாலும் சாம்பல் ஆறுவதற்குள் வந்துவிடுவார். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் எஃகு அளவுநாடா. கரியாகிக் கிடக்கும் மரங்களுக்கு நடுவே மண்டியிட்டு அளப்பார், குறித்துக்கொள்வார், மறுபடியும் அளப்பார். பிறகு வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு அடுப்பில் போட்டுக் கொடுக்கும் காபியைக் குடித்து, ஏலக்காய் ரொட்டியைத் தின்று, "ரொட்டி பதமா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். மூன்று வாரத்தில் கடிதம் வரும். 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று அது தொடங்கும்.

எய்னாரியின் சவுனா, அதாவது மரத்தாலான நீராவிக் குளியலறை, எரிந்தபோதும் அப்படித்தான் நடந்தது. எய்னாரி தகர வேலைக்காரன். கூரைத் தகடு, மழைநீர்க் குழாய், புகைபோக்கி எல்லாம் அந்தப் பக்கத்தில் அவன் கைவேலைதான். அவனுடைய சொந்த சவுனாவிலேயே புகைக்குழாய்க்கும் மரச்சுவருக்கும் இருக்க வேண்டிய இடைவெளி நான்கு சென்டிமீட்டர் குறைவு என்று அர்மாஸ் கண்டுபிடித்தார். "எரியும்போது சுவர் உள்பக்கமா சாஞ்சுடுச்சு, அதனால அப்படித் தெரியுது" என்று எய்னாரி சொல்லிப் பார்த்தான். இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த வாதம் ஒரே வரியில் தள்ளுபடி ஆனது. அன்றிலிருந்து அர்மாஸுக்கு ஊரில் 'நாலு சென்டிமீட்டர்' என்று பெயர். கடையில் பால் தீர்ந்துபோனால், "இப்பதான் நாலு சென்டிமீட்டர் வந்து கடைசி டப்பாவை எடுத்துட்டுப் போச்சு" என்பார்கள். அர்மாஸின் காதிலும் அது விழாமல் இல்லை. தன் துல்லியத்துக்கு ஊரார் கொடுத்த பட்டம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

பணி ஓய்வு பெற்ற வருடம், ஹெல்காவுக்கு அவள் அப்பா விட்டுப்போன ஏரிக்கரை நிலத்தில் ஒரு மரக்குடில் கட்டுவது என்று முடிவாயிற்று. ஹெல்காவின் ஆசை எளிமையானது. வெளியே பனி பெய்ய வேண்டும், உள்ளே விறகு எரிய வேண்டும், கம்பளிக் காலுறையோடு கால்நீட்டி உட்கார்ந்து அவள் குறுக்கெழுத்துப் போட வேண்டும். குடிலைத் தச்சர்கள் கட்டி முடித்தார்கள். கணப்பும் புகைபோக்கியும் மட்டும் பாக்கி.

"அதையும் ஆள் வெச்சே செஞ்சிடலாமே," என்றாள் ஹெல்கா.

"ஆளா? இந்த மாவட்டத்துல கணப்பு வெச்ச ஒவ்வொருத்தன் வேலையையும் நான் நேர்ல பார்த்திருக்கேன்."

"எரிஞ்சுபோனதை மட்டும்தானே பார்த்திருக்கே."

மறுநாளே அர்மாஸ் கடைக்குக் கிளம்பினார். இரும்புக் கணப்பை அவரே தேர்ந்தெடுத்தார். கூடவே வந்த கையேடு ஆறு மொழிகளில் இருந்தது. அவர் ஃபின்னிஷ் மொழியில் ஒருமுறையும் ஸ்வீடிஷ் மொழியில் ஒருமுறையும் படித்து, இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து, தயாரிப்பாளர்களுக்கு எழுதிப் போட்டார். அவர்கள் நன்றி சொல்லி ஒரு தொப்பி அனுப்பிவைத்தார்கள். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கணப்பின் எடையைத் தாங்கத் தரைக்கு அடியிலேயே கான்கிரீட் மேடை எழுப்பினார். கதவைத் திறக்கும்போது தணல் தெறித்தால் மரத்தரை பற்றிக்கொள்ளாமல் இருக்க முன்னால் அகலமாகத் தகடு பதித்தார். பின்சுவருக்கும் கணப்புக்கும் கையேடு கேட்டதைவிட ஒரு சாண் அதிகமாகவே விட்டார். கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாய், அதைச் சுற்றித் தீப்பிடிக்காத கம்பளம், மேலே மழை இறங்காதபடி ஈயப் பட்டை. புகைபோக்கியின் வாய் கூரை முகட்டைத் தாண்டி நன்றாக உயர்ந்து நின்றது. ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார். தொண்ணூற்றாறு படங்கள். பேரன் பேத்தி படங்கள்கூட அந்த வீட்டில் அத்தனை கிடையாது.

அந்தக் கோடையில் ஏரியின் அந்த மூலையில் என்றுமில்லாதபடி மீன் பெருகிவிட்டதுபோல் இருந்தது. தூண்டில் போடத் தெரியாதவர்கள்கூடப் படகில் வந்தார்கள். சரியாகக் குடிலுக்கு எதிரில் வரும்போது மோட்டார் நின்றுவிடும், அல்லது வலை சிக்கிக்கொள்ளும்.

"வேலை நடக்குது போல," என்பான் படகில் இருப்பவன்.

"நடக்குது," என்பார் கூரைமேல் இருப்பவர்.

அதற்குமேல் பேச இரு தரப்பிலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அரைமணி நேரத்தில் கடையின் காபி மேசைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஏழெட்டுக் கிழவர்கள் அர்மாஸின் வேலையில் எங்கே ஓட்டை என்று நாள்தோறும் விவாதித்தார்கள். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய மனக்குறை.

உண்மையில் குடிலின் குறையே அதுதான். அங்கே எங்குமே ஓட்டை இல்லை.

அர்மாஸுக்குக் குளிர்காற்று ஆகாது. மரக்கட்டைகளுக்கு நடுவே இருந்த இடுக்குகளையெல்லாம் சணல் நாரால் அடைத்து, அதன்மேல் பட்டை ஒட்டினார். ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. கதவைச் சுற்றி இரட்டை ரப்பர். கதவை மூடினால் காது அடைத்துக்கொள்ளும். "கேட்டியா? ஒரு துளி காத்து வராது," என்று ஹெல்காவிடம் பெருமையாக மூன்றுமுறை மூடிக் காட்டினார்.

கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் 'எரிவதற்குப் போதுமான காற்று வரும்படி பார்த்துக்கொள்ளவும்' என்று இருந்தது. 'போதுமான' என்ற சொல் அர்மாஸின் பழைய நண்பன். அதை எத்தனை கடிதங்களில் எத்தனை விதமாக வளைத்திருப்பார்! நிறுவனத்துக்குச் சாதகமாகவே வளைத்துப் பழகிய கை இப்போது தனக்குச் சாதகமாக வளைத்தது. குடில் பெரியது, உள்ளே காற்று இருக்கிறது, ஆகவே போதுமான காற்று இருக்கிறது. பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அக்டோபர் மாதம், இலைகள் கொட்டி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு முதல் தீ மூட்டுவதாக ஊருக்கு அழைப்பு வைத்தார். அழைப்பிதழில் 'பாதுகாப்பான கணப்பு: ஒரு செயல்முறை விளக்கம்' என்று அச்சிட்டிருந்தார். பதினொரு பேர் வந்தார்கள். பாசத்தால் வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. எய்னாரி வரவில்லை. ஆனால் ஏரியின் நட்டநடுவே அவனுடைய படகு அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

புகைபோக்கி துடைக்கும் தூலிக்கியையும் அழைத்திருந்தார். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கணப்பைப் பயன்படுத்தலாம் என்பது சட்டம். கையெழுத்துப் போடும் காட்சியை விழாவின் உச்சமாக வைத்திருந்தார். தூலிக்கி அன்று வேறொரு கூரையில் மாட்டிக்கொண்டாள். ஆனால் பன்னிரண்டு மணி என்றால் அர்மாஸுக்குப் பன்னிரண்டு மணி. அவள் வருமுன்பே, கால்மணி நேரம் உரையாற்றிவிட்டு, தீக்குச்சியைக் கிழித்தார்.

பிர்ச் மரப்பட்டை நன்றாகத்தான் பற்றியது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஹெல்கா காபி ஊற்றினாள். ஐந்து நிமிடத்தில் கணப்பின் கதவோரத்திலிருந்து மெல்லிய புகை ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு தைரியம் வந்து உள்ளே இறங்கியது.

"புதுப் பூச்சு," என்றார் அர்மாஸ். "முதல் தடவை கொஞ்சம் வாசனை வரும். கையேட்டுல இருக்கு."

பதினொரு பேரும் அதை ஒப்புக்கொள்வதுபோல் காபியை உறிஞ்சினார்கள். புகை முழங்கால் உயரத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. யாரும் அசையவில்லை. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு புகை வருகிறது என்று சொல்வது மரியாதையா? கடைக்காரர் லௌரியின் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் குறை சொன்னதாகிவிடும். பாதிரியார் எதிரில் இருந்த சுவரைப் பார்த்து, "இதமா இருக்கு," என்றார். சுவர் அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை.

கூரையில் இருந்த எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. அர்மாஸ் நாற்காலியில் ஏறி அதன் மின்கலத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "கருவி நல்லா வேலை செய்யுது, பார்த்தீங்களா?" என்று அதையும் விளக்கத்தில் சேர்த்தார். பிறகு புகையை வெளியேற்ற, சமையல் மூலையில் இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டார். ஏற்கெனவே காற்றில்லாமல் திணறிய குடிலிலிருந்து விசிறி மிச்சக் காற்றையும் உறிஞ்ச ஆரம்பித்தது. புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டிய புகை மொத்தமும் குடம் கவிழ்ந்ததுபோல உள்ளே கொட்டியது.

அந்த நேரத்தில்தான் தூலிக்கி கதவைத் திறந்தாள்.

கதவு திறந்த மறுநொடி கணப்பு பெருமூச்சு விட்டது. நெருப்பு குபீரென்று எழுந்தது. புகைபோக்கி உறுமிக்கொண்டு இழுத்தது. ஆனால் தூலிக்கிக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! என்னங்க இது, செத்த பொறவு மரியாதை பார்த்துக்கலாம், எழுந்திரிங்க!"

பதினொரு பேரும் காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே வரிசையாக வெளியேறி மழையில் நின்றார்கள். இருமினார்கள். "காபி நல்லா இருந்துச்சு," என்றார் பாதிரியார் ஹெல்காவிடம். ஒருவருக்கும் தலைவலிக்குமேல் எதுவும் ஆகவில்லை. ஏரி நடுவே நின்ற படகிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. இருமல் இல்லை.

உள்ளே புகை அடங்கியதும் தூலிக்கி கணப்பைச் சுற்றி வந்தாள். தட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், கூரைமேல் ஏறி இறங்கினாள். அர்மாஸ் படத்தொகுப்பைக் கையில் ஏந்தி அவள் பின்னாலேயே நடந்தார்.

"இடைவெளி எல்லாம் சரியா இருக்கு," என்றாள்.

"இருக்கும்."

"குழாய் சரி. உயரம் சரி. தரைத் தகடு சரி. இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்ல."

அர்மாஸ் பேனாவை நீட்டினார்.

"ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?"

"நெருப்பு மூச்சு விட வேண்டாமா? நீ ஊறுகாய் ஜாடிக்குள்ள கணப்பை வெச்சிருக்கே. மேல போற புகைக்குச் சமமா வெளியிலேர்ந்து காத்து வரணும். வழியே இல்லாட்டி புகை எப்படிப் போகும்? நீயும் ஹெல்காவும் மட்டும் இருந்து, தணலை விட்டுட்டுத் தூங்கியிருந்தா, நான் வந்திருக்க மாட்டேன். சவப்பெட்டிக்காரர்தான் வந்திருப்பார்."

"கையேட்டுல 'போதுமான'ன்னுதான்..."

"அர்மாஸ், பதினொரு பேர் மழையில நிக்கறாங்க."

அவள் படிவத்தை எடுத்து, 'ஏற்கப்படவில்லை' என்ற கட்டத்தில் கோடு இழுத்து நீட்டினாள். அர்மாஸ் அதை மேலிருந்து கீழே படித்தார்.

"வருத்தம் தெரிவிக்கிற வரி இல்லையே."

"எனக்கு வருத்தம் இல்ல. அதான் எழுதல," என்றாள் தூலிக்கி. "தரைக்கு அடியில கல் அஸ்திவாரத்தைத் துளைச்சு, வெளியிலேர்ந்து கணப்பு வரைக்கும் ஒரு காத்துக் குழாய் இழு. வெளி வாய்க்கு எலி நுழையாத வலை. அந்த வேலையை ஒழுங்காச் செய்யறவன் இந்தப் பக்கத்துல ஒருத்தன்தான்."

அவள் பெயரைச் சொல்லவில்லை. ஏரியைப் பார்த்தாள்.

அர்மாஸ் நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் எய்னாரியின் பட்டறை வாசலில் போய் நின்றார். எய்னாரி ஒரு தகட்டை வளைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஒரு காத்துக் குழாய் போடணும்," என்றார் அர்மாஸ்.

"எழுத்து மூலமா குடு."

"என்ன?"

"விண்ணப்பம். எழுத்து மூலமா. இணைப்புகளோட."

வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அர்மாஸுக்கோ அது மிக நியாயமான கோரிக்கையாகப் பட்டது. அன்று மாலையே மூன்று பக்க விண்ணப்பம், வரைபடம், பொருத்தமான பதினாறு படங்கள் எல்லாம் உறையில் போட்டு அனுப்பினார். இரண்டு வீடுகளுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்தான். பதில் தபாலில் வர ஒரு வாரம் ஆயிற்று. கோடு போட்ட தாளில், தகரத்தில் கீறியதுபோன்ற கையெழுத்து.

'தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். தங்கள் குடிலைத் தாங்களே மூச்சுமுட்ட வைத்திருப்பதால், இதை எதிர்பாராத நிகழ்வு என்று கருத இயலாது. புகை தானாக உள்ளே வந்தது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. எனவே வேலை செய்ய இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பதினான்கு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.'

அர்மாஸ் அதை இரண்டுமுறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றார் ஹெல்காவிடம். குரலில் நிஜமான மரியாதை இருந்தது. உடனே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தில் இருக்கும்போது ஹெல்கா குறுக்கெழுத்துப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏழு பக்கம் எதுக்கு? ஒரு வார்த்தை போதும்."

"எந்த வார்த்தை?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உன் வாயிலேர்ந்து நான் கேட்காத வார்த்தை. நான் எப்படி எழுத்துக்கூட்டிச் சொல்றது?"

மேல்முறையீடு போன மறுநாள் தொலைபேசி ஒலித்தது. எய்னாரி. "சனிக்கிழமை சவுனா போடறேன். வந்து வாயால சொல்லு," என்றுவிட்டு வைத்துவிட்டான்.

எரிந்த சவுனா இருந்த அதே இடத்தில் எய்னாரி புதிதாகக் கட்டியிருந்தான். உடைமாற்றும் அறையில் நான்கு கொக்கிகள் இருந்தன. கடைசிக் கொக்கிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு, இரண்டு பக்கக் கடிதம் ஒன்று மாட்டியிருந்தது. உடுப்புகளைக் கழற்றி அதில் மாட்டப் போன அர்மாஸ், தன் கையெழுத்தைத் தானே அடையாளம் கண்டார்.

அவர் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் அவற்றில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், கையில் துண்டோடு நின்று, முழுவதையும் படித்தார். இரண்டாம் பத்தியில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. அது முதலில் உறுத்தியது. பிறகு நான்காம் பத்திக்கு வந்தார். 'ஆய்வின்போது இருபது நிமிடம் காபி இடைவேளை' என்று நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் காபியைக் கொண்டுவந்து கொடுத்த எய்னாரியின் மனைவி லைனாவின் இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது. எரிகிற கதவை அவள் இழுத்துப் பார்த்திருக்கிறாள். அது கடிதத்தில் இல்லை. கடிதத்துக்கு அது தேவைப்படவில்லை.

உள்ளே போய் மேல்பலகையில் உட்கார்ந்தார். எய்னாரி பக்கத்தில் இருந்தான். வெகுநேரம் இருவரும் வியர்த்தார்கள். அங்கே அதுதான் பேச்சு.

"சுவர் சாஞ்சிருந்துச்சா இல்லையா?" என்றான் எய்னாரி.

அர்மாஸ் அடுப்பின்மேல் காய்ந்துகொண்டிருந்த கற்களைப் பார்த்தார். "சாஞ்சிருந்திருக்கலாம்."

"லாமா?"

"சாஞ்சிருந்துச்சு."

"அது எனக்கு அப்பவே தெரியும். உனக்குத் தெரியுமாங்கறதுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு."

"தெரியும்," என்றார் அர்மாஸ். "அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு கோரிக்கையை ஒத்துக்கிட்டிருந்தேன். மூணாவதும் ஒத்துக்கிட்டா மேலிடத்துல கேப்பாங்கன்னு."

எய்னாரி எழுந்தான். பெரிய அகப்பையில் தண்ணீர் மொண்டு கற்களின்மேல் வீசினான். இன்னொன்று. இன்னும் ஒன்று. ஆவி கூரையில் மோதி முதுகில் வந்து அறைந்தது. அர்மாஸின் காது மடல் பொசுங்கியது. மூக்குக்குள் நெருப்பு போனது. தலையைத் தொடைகளுக்கு நடுவே புதைத்துக்கொண்டார், ஆனால் கீழ்ப்பலகைக்கு இறங்கவில்லை. அந்த ஆவிக்குள் ஏதோ முனகினார். கற்கள் சீறிய சீறலில் அது காணாமல் போயிற்று.

"என்ன சொன்னே?"

"மன்னிச்சுக்கோன்னு சொன்னேன்."

"சத்தமா. லைனாவுக்கும் கேக்கட்டும், வெளிய விறகு அடுக்கிட்டிருக்கா."

அர்மாஸ் தலையைத் தூக்கி, வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தினார். வெளியே விறகு அடுக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"சரி," என்றான் எய்னாரி. "திங்கக்கிழமை வர்றேன். அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல நிக்காதே."

திங்கட்கிழமை எய்னாரி வந்து கல் அஸ்திவாரத்தைத் துளைத்தான். அர்மாஸ் தரைக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் பிடித்தார். காற்றுக் குழாய் வெளிச்சுவரிலிருந்து தரைக்கு அடியாக ஓடி, கணப்பின் அடிவயிற்றில் போய்ப் பொருந்தியது. வெளி வாய்க்கு வலை, பனி மூடாத உயரம், கைப்பிடி வைத்த மூடி. "இதை இங்கே மூணு மில்லிமீட்டர் நகர்த்தினா..." என்று அர்மாஸ் இரண்டுமுறை ஆரம்பித்தார். எய்னாரி இரண்டுமுறையும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம்முறை அவர் ஆரம்பிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் தூலிக்கி வந்தாள். கழற்றிய மின்கலத்தை எச்சரிக்கைக் கருவியில் போட வைத்தாள். நச்சுவாயுவைக் கண்டு கத்தும் இன்னொரு கருவியையும் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். ஜன்னலைத் திறந்துவைத்து, நான்கு சின்ன விறகு மட்டும் வைத்து மூட்டச் சொன்னாள். பூச்சு கொஞ்சம் நாறியது, அடங்கியது. ஜன்னலை மூடினார்கள். நெருப்பு நிமிர்ந்து நின்று எரிந்தது. ஒரு தாளைக் கணப்பின் கதவோரம் பிடித்தாள் தூலிக்கி. தாள் உள்பக்கமாகச் சாய்ந்தது.

"விசிறியைப் போடு."

அர்மாஸ் போட்டார். புகை வரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

"சாம்பலை எதுல எடுப்பே?" என்றாள் பேனாவை மூடிக்கொண்டே.

"மூடி போட்ட இரும்பு வாளி. எடுத்து, வெளியில, மரத்துலேர்ந்து தள்ளி. நாலு நாள் ஆறவிட்டு..."

"போதும், போதும். அது உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

அந்த வாரமே அர்மாஸ் தன் பழைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். இன்ன வருடத்து இன்ன கோரிக்கையில் ஆய்வாளர் தவறு செய்துவிட்டார், அந்த ஆய்வாளர் நான்தான், மறுபரிசீலனை செய்யவும் என்று. பதில் ஒன்பது வாரம் கழித்து வந்தது. காலவரம்பு முடிந்துவிட்டது, மேலும், ஆய்வாளர் பிழை செய்தார் என்பதற்கு அவருடைய சொந்த வாக்குமூலம் போதுமான சான்று ஆகாது என்று எழுதியிருந்தார்கள். அர்மாஸ் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு எய்னாரியின் பட்டறைக்குப் போனார். எய்னாரி படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் லைனா வீட்டிலிருந்து ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

இந்தச் சங்கதி ஊரில் பரவியதும், எரிந்த கொட்டகை, உடைந்த படகு, பனி விழுந்து நொறுங்கிய கூரை என்று வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காப்பீட்டுக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வியாழக்கிழமைகளில் அர்மாஸ் குடிலில் கணப்புக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, அவர்களுக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாய் மூடுவதற்குள் அவர்களுடைய விறகுக் கொட்டகை வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுக் கண்டபடி திட்டவும் செய்தார். ஹெல்கா காலை நீட்டிக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டாள். வெளியே பனி பெய்தது. அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இந்தக் கூட்டத்தைத் தவிர.

மார்ச் மாதம், கணவனை இழந்த ஸைமாவின் படகுக் கொட்டகை வழக்கில் நிறுவனம் இறங்கிவந்தது. முழுக் கோரிக்கையையும் ஏற்றுக்கொள்வதாக அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது. ஸைமா ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, பனியில் நடந்து குடிலுக்கு வந்தாள். கண்கலங்கி, அர்மாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அர்மாஸ் கடிதத்தை வாங்கிப் படித்தார். முகம் கறுத்தது.

"என்ன அநியாயம் இது!" என்றார். "நாம எழுதினதுல மூணாவது பத்தி ரொம்ப பலவீனம். மறுத்திருக்கணும். அந்தக் காலத்துல என் மேசைக்கு வந்திருந்தா ஒரே வரியில தள்ளியிருப்பேன். அங்க இப்ப யாரைத்தான் வேலைக்கு வெச்சிருக்காங்க?"

ஸைமா பயந்துபோய் ஹெல்காவைப் பார்த்தாள்.

"நீ உக்காரு ஸைமா," என்றாள் ஹெல்கா. "அவரு சந்தோஷமா இருந்தா இப்படித்தான் இருப்பாரு."

பிறகு எழுந்து, கணப்பில் இரண்டு கட்டைகளைப் போட்டுவிட்டு, ரொட்டியை வெட்டினாள்.